விசாகப்பட்டினத்துக்கு ஓர் ஒத்திகை

கடலைப் பார்த்தவர்கள் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. பார்க்காதவர்கள்தான் வாய் ஓயாமல் பேசுவார்கள். கல்யாணமான புதிதில் நான் பேசிய பேச்சைக் கேட்டிருந்தால், நான் பிறந்ததே கப்பலில்தான் என்று நினைத்திருப்பீர்கள். (அதுவரை நான் பார்த்த பெரிய தண்ணீர், ஜேடர்பாளையத்துக் காவிரி.)

அது முப்பதுகளின் நடுப்பகுதி. நாமக்கல்லில் எங்களுக்கு நெய்க்கடை. என் வீட்டுக்காரரின் சிநேகிதர் சின்னசாமிக்கு விசாகப்பட்டினத்துத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை. பொங்கலுக்கு ஊர் வந்தவர் எங்கள் மனதில் ஆசை நெருப்பை மூட்டிவிட்டுப் போனார்.

"மலை மேல மலையா ஊருங்க. ஊடெல்லாம் படிப்படியா ஏறிப் போகும். ஒண்ணு மஞ்ச, ஒண்ணு பச்சை, ஒண்ணு ரோஸ். கீழ பாத்தா நீலமாக் கடலு. கப்பலு மலையை ஒரசற மாதிரி உள்ள வருமுங்க. நாலு நாள் வந்து இருந்துட்டுப் போங்க."

மறுநாளே திட்டம் தொடங்கிவிட்டது. சூரமங்கலத்தில் ரயிலேறி, சென்னையில் வண்டி மாறி, கடற்கரையோரமாக வடக்கே போக வேண்டும். வழி என் வீட்டுக்காரர் பொறுப்பு. மூட்டை என் பொறுப்பு. முறுக்கு, எள்ளுருண்டை, ஊறுகாய், புடவைகள், தலையணை எல்லாவற்றையும் சிவப்புப் பவானி ஜமக்காளத்தில் வைத்துச் சுருட்டினேன். கட்டி முடித்தபோது அது ஒரு கன்றுக்குட்டி அளவுக்கு இருந்தது.

மிச்சம் இருந்தது என் மாமியாரின் சம்மதம். ஆள் வாட்டசாட்டம். ஆனால் மூட்டுவலி. வாசற்படி இறங்குவதற்கே முருகனைக் கூப்பிடுவார்.

"சமதரைக் காட்டுல பொறந்து வளந்தவ நீ. அந்த மலை ஊர்ல மூச்சு வாங்கி உழுந்தீன்னா ஆரு தூக்கறது?" என்றார்.

"நான் ஏறுவேனுங்க, அத்தே."

"அப்ப இந்த மலை மேல ஏறிக் காட்டு. உன்ற மூட்டையையும் தூக்கிட்டு ஏறு. ஏறிட்டீன்னா போலாம்."

அவர் கைகாட்டியது ஊர் நடுவே நிற்கும் எங்கள் நாமக்கல் பாறையை. ஒரே கல். மேலே கோட்டை, அடிவாரத்தில் குளம். இவ்வளவுதானா என்று நினைத்தேன். (அந்த வயதில் எனக்கு எல்லாமே "இவ்வளவுதானா"தான்.)

குறித்த நாள் காலையில் சிவப்புப் புடவை கட்டிக்கொண்டு, மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். கடை வாடிக்கைக்காரர்கள் பாதிப்பேர் குளக்கரையில் கூடியிருந்தார்கள். மாமியார் ஒரு கல்லின் மேல் நீதிபதி மாதிரி உட்கார்ந்திருந்தார். முதல் படிகளில் ராணி மாதிரி ஏறினேன். பாதி தூரத்தில் கழுதை மாதிரி. கடைசியில் தவழ்ந்தேன் என்பதைக் கீழே இருந்தவர்கள் பார்க்கவில்லை என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் ஏறிவிட்டேன்! மூட்டையைப் பாறையின் மேல் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் தூக்கி, "அத்தே! ஏறிட்டேனுங்க!" என்று கத்தினேன்.

வைத்த இடம் சரிவு என்பதை நான் கவனிக்கவில்லை. மூட்டை கவனித்தது. முதலில் மெல்லப் புரண்டது. பிறகு ஓடியது. பிறகு பறந்தது. நேராகக் குளத்தில் விழுந்தது. நான் அவமானம் தாங்காமல் கோட்டைச் சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அதுதான் வினையாகிப்போனது. கீழே இருந்தவர்கள் கண்ணுக்குச் சிவப்பாக ஒன்று விழுந்தது தெரிந்தது. மேலே என்னைக் காணோம்.

"ஐயோ, நெய்க்கடை மருமக உழுந்துட்டா!" என்று ஊரே அலறியது.

என் வீட்டுக்காரர் போட்ட கோட்டோடு குளத்தில் குதித்தார். ஜமக்காளத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "கண்ணைத் தொற, கண்ணைத் தொற!" என்று அழுதாராம். என் தலையணைக்கு அவ்வளவு அன்பு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை. முறுக்கெல்லாம் மீனுக்குப் போயிற்று.

மாமியார் மட்டும் குளத்துப் பக்கமே திரும்பவில்லை. பாதி வழியில் எங்கேயாவது சிக்கிக் கிடப்பேன் என்று படியேறிவிட்டார். முருகனைக் கூப்பிடாமல், ஒரே மூச்சில். சுவருக்குப் பின்னால் குந்தியிருந்த என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

"உசுரோட இருக்கறயா, சாமி!" என்று கட்டிக்கொண்டார். அவர் நெஞ்சு அடித்துக்கொண்டது எனக்குக் கேட்டது. அடுத்த நொடி முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். இரண்டுமே மனதார.

பிறகுதான் திரும்பிப் பார்த்தார். காற்று அவர் முந்தானையைப் பிடுங்கியது. கீழே ஓட்டு வீடுகள், தென்னந்தோப்புகள், பச்சையும் செம்மண்ணுமாகக் காடுகள், தூரத்தில் நீலமாகக் கொல்லிமலை. கல்யாணமாகி இந்தப் பாறையின் நிழலிலேயே குடியிருந்தவர், ஒரு நாளும் மேலே ஏறியதில்லை. அடுப்படி விட்டால்தானே.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். அப்புறம் கேட்டார்: "ஏங்கண்ணு, அந்த ஊர்ல மலை மேல நின்னா கடலு தெரியுமா?"

"தெரியுமாமுங்க, அத்தே."

"அப்ப நானும் வாரேன்."

மூன்று பேராகப் போனோம். விசாகப்பட்டினத்தில் சின்னசாமி சொன்ன அத்தனை நிறமும் இருந்தது. கடலைக் கண்டதும் எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. மாமியார் துறைமுகத்தை ஒட்டிய குன்றில் எங்களுக்கு முன்னால் ஏறிப்போய், உள்ளே வந்துகொண்டிருந்த கப்பலைப் பார்த்துக் கையை ஆட்டினார். அந்த நேரம் பார்த்துக் கப்பல் சங்கு ஊதியது.

"பாத்தீங்களாடா! எனக்குத்தான் ஊதறான்!" என்றார்.

சாகும்வரை அதை மாற்றிச் சொல்லவில்லை. நாங்களும் மறுக்கவில்லை. இப்போது நாமக்கல் முழுக்க லாரிகள். தெருவில் எது ஹாரன் அடித்தாலும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள், "நமக்குத்தான் ஊதறான்!" என்று வாசலுக்கு ஓடிவந்து கையை ஆட்டுகிறார்கள். டிரைவர்களும் பதிலுக்கு இன்னொரு முறை அடித்துவிட்டுப் போகிறார்கள்.