இருபத்துமூன்று நண்டும் ஒரு தசமமும்

17 என்ற எண்ணைச் சுற்றிப் பேராசிரியரின் சிவப்பு மையில் ஒரு வட்டம். பக்கத்தில், ‘தெளிவில்லை. ஒரு தசமதானம் தேவை.’

றொசாந்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குருநகரில் அப்பா ஒன்பது வலை போட்டுப் பிடித்துக் கொடுத்தவை இருபத்துமூன்று நண்டுகள். அவற்றில் நாலின் ஓட்டில் கொட்டலசு என்னும் சிறு கடலுயிர் ஒட்டியிருந்தது. பதினேழு சதவீதம். இருபத்துமூன்று நண்டுக்குத் தசமம் போட்டால், ஏதோ கடலையே வடித்து எண்ணினதுபோல் இருக்காதா?

ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் ஆய்வேட்டை ஒப்படைக்காவிட்டால் விரிவுரையாளர் வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு 17.4 ஆக்கினாள். ஒன்றுக்கு மட்டும் தசமம் இருந்தால் அட்டவணை அலங்கோலம் என்று, மற்ற எண்களையும் மாற்றினாள். வலைக்குச் சராசரி 3 நண்டு, 2.6 ஆனது.

அடுத்த நாள் 2.6ஐச் சுற்றி வட்டம்.

“சேர், ஒரு தசமதானம் எண்டு நீங்கள்தானே எழுதினீங்கள்?”

பேராசிரியர் குகநேசன் கண்ணாடியைக் கழற்றினார். “பிள்ளை, எண் எண்டால் வாசிக்கிற ஆளை உறுத்தக் கூடாது. உது உறுத்துது. ரெண்டு தசமம் போடும்.”

“ஒரு எண் எப்பிடி சேர் உறுத்தும்?”

“போடும் எண்டால் போடுமன்.”

2.56. அதோடு அட்டவணை முழுதும் இரண்டு தசமம். நாலு நண்டுக்கு 17.39 சதவீதம்! எழுதவே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

“இன்னும் உந்த நண்டு அவியேல்லையே?” என்றாள் அம்மா.

“தசமம் போதாதாம், அம்மா.”

“உப்பெண்டால் சொல்லு, அள்ளித் தாறன்.”

இந்தமுறை 17.39ஐப் பற்றி ஒரு மூச்சும் இல்லை. கொடுக்கின் சராசரி நீளம் 4.13 சென்ரிமீற்றர் என்பதில் வட்டம். ‘வீண் துல்லியம். முழுவெண் போதும்.’

“வேணியர் இடுக்கிமானியாலை அளந்தது, சேர்!”

“அளந்தது உம்மடை பாடு. எழுதுறது தெளிவாய் இருக்க வேணும்.”

எல்லாவற்றையும் முழுவெண்ணுக்கு மட்டந்தட்டினாள். வியாழன் மத்தியானம் பிரதி திரும்பி வந்தது. 17ஐச் சுற்றி வட்டம். ‘தெளிவில்லை. ஒரு தசமதானம் தேவை.’ அதே மை, அதே கையெழுத்து.

றொசாந்தி பிரதியைக் கொண்டுபோய்ச் சபீஹாவின் மேசையில் அடித்தாள். சபீஹா போன வருடம் இதே பேராசிரியரிடம் ஆய்வை முடித்து, இப்போது அங்கேயே உதவி விரிவுரையாளர்.

“உவர் மனிசரோ? ஏறச் சொன்னார், ஏறினன். இறங்கச் சொன்னார், இறங்கினன். இப்ப திரும்ப ஏறட்டாம்! நண்டுகூடப் பக்கவாட்டிலையாவது ஒரு பக்கம் போய்ச் சேரும். நான் இப்பவே விஞ்ஞான பீடத்தின்ரை பீடாதிபதியிட்டைப் போறன். உதிலை ஏதாவது ஒரு விதி இருக்கோ எண்டு அவர் சொல்லட்டும்!”

சபீஹா நாலு பிரதிகளின் வட்டங்களையும் ஒருதரம் பார்த்தாள். எழும்பிப்போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“விதி இருக்குது, றொசாந்தி. ஒவ்வொரு வட்டத்துக்குள்ளையும் இருக்கிற இலக்கங்களைக் கூட்டிப் பாரும். ஒண்டும் ஏழும் எட்டு, ரெண்டும் ஆறும் எட்டு, எல்லாம் எட்டு. சேருக்கு எட்டு ஆகாது, என்ரை ஆய்வேட்டிலையே ஏழாம் அத்தியாயத்துக்குப் பிறகு ஒன்பதாம் அத்தியாயந்தான் கிடக்குது.”