கூடாரம் கட்டப் போன மாப்பிள்ளை

மோட்டார் சைக்கிளில் தனியாக மலைக்குப் போய்க் கூடாரம் அடித்துத் தங்குகிறவர்களின் வீடியோவை நம்பாதீர்கள். அதில் வருகிற எவனுக்கும் மாமியார் வீடு கிடையாது. சொந்தக்காரன் கிடையாது. வழியில் நிறுத்தி "யாரு வீட்டுப் புள்ள?" என்று கேட்க ஆள் கிடையாது. பதுளை மாவட்டத்தில் பிறந்தவனுக்கு அந்த வசதி ஒருநாளும் வாய்க்காது. இது அப்போது என் மரமண்டையில் ஏறவில்லை.

பதுளை டவுனில் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடையில் வேலை செய்கிறேன். பகல் முழுக்க அடுத்தவன் வண்டிக்குச் சாமான் எடுத்துக் கொடுத்துவிட்டு, இரவில் படுத்துக்கொண்டு வீடியோ பார்ப்பேன். எவனோ ஒரு தாடிக்காரன் பனிக்குள் வண்டியை நிறுத்துவான், தேநீர் போடுவான், தூரத்தைப் பார்ப்பான். அவ்வளவுதான். அதைப் பார்த்துவிட்டு நானும் ஒரு கூடாரம் வாங்கினேன். தாடியும் வளர்த்தேன். (கன்னத்தில் நாலு முடிதான் வந்தது.)

சுமதியைக் கட்டி அப்போது இரண்டு வருடம்கூட ஆகவில்லை. பையைக் கட்டுவதைப் பார்த்துவிட்டு வந்து நின்றாள்.

"நானும் வாரேங்க."

"இது சோலோ ட்ரிப். ஒருத்தர்தான் போகணும்."

"ரெண்டு பேரு போனா மலை கோவிச்சுக்குமா?"

"ஒனக்கு இதெல்லாம் வெளங்காது."

"எது? மலையா? எங்கம்மா காலம் பூரா மலைக்குத்தான் கொழுந்தெடுக்கப் போறாங்க. ஒரு நாயும் வீடியோ எடுக்கல."

அவள் பேச்சில் நியாயம் இருந்தது. நியாயம் இருந்ததால் எனக்குக் கோபம் வந்தது. கத்தினேன். அவளும் கத்தினாள். எந்தப் பக்கம் போகிறேன் என்றுகூடச் சொல்லாமல் வண்டியை முறுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பசறை தாண்டி பெரிய ரோட்டை விட்டு, தோட்டத்து ரோட்டில் ஏறினேன். ரோடு என்று சொல்வது மரியாதைக்கு. குழிகளுக்கு நடுவில் அங்கங்கே கொஞ்சம் தார் இருந்தது. ஆனால் அழகு. பொய் சொல்லக் கூடாது. ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் பள்ளம், மேலே மேகம். மனம் நிறைந்து தாடியைத் தடவிக்கொண்டேன்.

கூடாரத்தோடு வரவேண்டிய கயிறு வரவில்லை என்பது அங்கேதான் ஞாபகம் வந்தது. தோட்டத்துச் சந்தியில் ஒரு முஸ்லிம் நானாவின் கடை இருந்தது. அங்கே நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன். என்னை விடப் பெரிய முட்டாள் இருந்தால் காட்டுங்கள்.

"நானா, நல்ல கயிறு இருக்கா? பாரம் தாங்கணும்."

"என்னத்துக்கு தம்பி?"

"மேல மலையில ஒரு வேலை. ஆள் நடமாட்டம் இல்லாத எடம் எது?"

நானா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "ஆரோட போறீங்க?"

"தனியா."

"வூட்ல செல்லிட்டா வந்தீங்க?"

"சண்ட போட்டுட்டு வந்துட்டேன். நான் எங்க இருக்கேன்னே தெரியாது. ஃபோனையும் ஆஃப் பண்ணிட்டேன்."

"எப்ப திரும்பி வருவீங்க?"

"அதப் பத்தி யோசிக்கல நானா."

அவர் தலைக்கு மேலே நைலோன் கயிறு சுருள் சுருளாகத் தொங்கியது. "கயிறு முடிஞ்சி போச்சி தம்பி," என்றார். "பணிஸ் ஈக்கிது. திண்டுட்டுப் போங்க." பன்னுக்குக் காசு வாங்கவில்லை. வண்டி வரை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாக் கஷ்டத்துக்கும் ஒரு முடிவு ஈக்கிது," என்றார். ரோட்டைச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஆமா நானா, படு மோசம் என்று சொல்லிவிட்டு ஏறிப் போனேன்.

தேயிலை முடிந்து யூகலிப்டஸ் மரங்கள் தொடங்குகிற இடத்தில் ஒரு பாறை. அதற்குப் பக்கத்தில் கூடாரத்தை விரித்தேன். அதன் குச்சியில் ஒன்று முறிந்திருந்தது. சரி, உச்சியை மரக் கிளையில் கட்டித் தொங்கவிடலாம் என்று, பையைக் கட்டியிருந்த நாடாவைக் கழற்றிக்கொண்டு பாறைமேல் ஏறினேன். நாடாவைக் கிளையில் போட்டு ஒரு சுருக்கு வைத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கீழே மலையே அலறியது.

"டேய்ய்ய்! எறங்குடா! வேணாண்டா!"

அந்திக் கொழுந்து நிறுவை முடிந்து பையோடு நின்ற பெண்கள் மொத்தமும் தேயிலைச் செடிகளுக்கு ஊடே ஓடி வந்தார்கள். முன்னால் ஒரு தடித்த ஆள். அந்தத் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் அவர். நானா அவருக்குத்தான் ஃபோன் போட்டிருக்கிறார். தலைவர் என் இரண்டு காலையும் சேர்த்துக் கட்டிப் பிடித்து இழுத்தார். இரண்டு பேரும் கூடாரத்தின்மேல் விழுந்தோம். மிச்சமிருந்த குச்சிகளும் முறிந்தன.

ஒரு பெண் கிட்ட வந்து என் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். சுமதியின் சித்தி. அந்தத் தோட்டத்தில்தான் வாக்கப்பட்டிருக்கிறாள். கல்யாணத்தில் பார்த்தது, நான் மறந்தே போயிருந்தேன்.

"ஐயோ! இது நம்ம சுமதி மாப்பிள்ள!" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். "அந்தப் புள்ள என்ன செஞ்சிச்சோ!"

லயத்து வரிசை வீடுகளில் சித்தி வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். கூட்டிப் போகவில்லை, ஏந்திப் போனார்கள். இஞ்சி போட்ட தேநீர் கொடுத்தார்கள். சித்தி அரிவாள்மனையை எடுத்து அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். நான் கேம்பிங் என்றேன்.

"சரிங்க, சரிங்க," என்றார்கள் எல்லோரும்.

"சும்மா படுக்க வந்தேங்க."

தலைவர் மெதுவாகக் கேட்டார். "வீட்டுல கட்டில் இல்லீங்களா?"

"இருக்கு."

"அத விட்டுட்டு இந்தக் குளிர்ல தரையில படுக்க வந்தீங்களா? மண்சரிவு வந்தப்ப எங்க ஆளுக மாசக்கணக்கா டென்ட்ல கெடந்து சீரழிஞ்சாங்க. ஆசப்பட்டு யாராவது அதுல படுப்பாங்களா மாப்பிள்ள?"

நான் தேநீரை உறிஞ்சினேன். அவரே மறுபடியும் கேட்டார்.

"பொண்டாட்டி கூடச் சண்ட போட்டீங்களா?"

"ஆமா," என்றேன்.

அந்த ஒரு சொல்லோடு நிறுத்திவிட்டேன். அவள் கூட வருகிறேன் என்று கேட்டாள், நான்தான் பெரிய இவன் மாதிரி வேண்டாம் என்றேன் என்று சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது. கேட்டால் சிரிப்பார்கள் என்று பயந்தேன். நான் சிரிப்புக்குப் பயந்ததற்கு அவள் பேர் போயிற்று.

சித்தி ஃபோன் போட்டுச் சொல்லி, இருட்டுவதற்குள் சுமதி த்ரீவீலரில் வந்து சேர்ந்தாள். காலில் இரண்டு மாதிரிச் செருப்பு. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. என்னை முழுசாகப் பார்த்தபிறகுதான் மூச்சு விட்டாள். அவள் மூச்சு விட்டதும் பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஆம்பளய இப்படியா பேசுறது?"

"ஒங்கம்மா ஒன்னய இப்படியா வளத்தா?"

அவள் என்னைப் பார்த்தாள். நீயே சொல் என்கிற பார்வை. நான் தேநீரைப் பார்த்தேன். தேநீர் முடிந்து வெறும் கோப்பைதான் இருந்தது. அதையும் பார்த்தேன்.

என் பக்கத்துச் சொந்தங்களுக்கு இது பெரிய தமாஷ். நான் பாண் வாங்கக் கடைக்குக் கிளம்பினாலும் தம்பி, "அண்ணே, திரும்பி வருவீங்கதானே? தலைவருக்கு ஃபோன் போடவா?" என்பான். வீடே சிரிக்கும். சுமதி மட்டும் சிரிக்க மாட்டாள். அந்த மலைப் பக்கம் அவள் கதை வேறு. கொழுந்து மலையிலும் தண்ணி பிடிக்கிற பீலியிலும் இன்றைக்கும் அவள் பேர்தான், புருஷனை மலை உச்சி வரை துரத்தியவள்.

போன திருவிழாவுக்கு அந்தத் தோட்டத்துக்குப் போனோம். அன்னதானம். சுமதி சோற்று வாளியோடு பரிமாறிக்கொண்டிருந்தாள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவி ஒருத்தி புதுப்பெண் ஒருத்தியிடம், "புருஷன ரொம்ப பேசாதடி. அந்தா போறாளே, அவ கத தெரியுமில்ல?" என்றாள். சுமதிக்குக் கேட்டது. குனிந்துகொண்டே அடுத்த இலைக்குப் போனாள்.

எனக்கு வந்த கோபத்தில் எழுந்துவிட்டேன். எச்சில் கையோடு, பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் ஒரு தப்பும் செய்யவில்லை, கூட வருகிறேன் என்றுதான் கேட்டாள், நான்தான் திமிரில் விட்டுவிட்டு வந்தேன், சாக வரவில்லை, வீடியோ பார்த்துக் கெட்டுப்போய் வந்தேன் என்றேன்.

தலைவர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"அவ்வளவு நடந்தும் பொண்டாட்டிய விட்டுக்குடுக்காமப் பேசுறீங்க பாருங்க. ஒங்க மனசு யாருக்கும் வராது மாப்பிள்ள."

பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். கிழவி சுமதியை எரித்துவிடுவதுபோலப் பார்த்தாள்.

சுமதி வாளியோடு வந்து என் இலையில் சோற்றைத் தட்டினாள். குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"உக்காந்து தின்னுங்க. இன்னும் ரெண்டு வார்த்த பேசினீங்கன்னா, கல்லெடுத்தே அடிப்பாங்க என்னைய."