ஆறிய சுண்டுவிரலும் ஐந்து ஊதா விரல்களும்

என் கையால் ஆறிய புண்கள் எத்தனையோ உண்டு. ஆறிய பிறகும் விடாமல் நான் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த புண் ஒன்றே ஒன்றுதான். அதைத் தொழில் குற்றம் என்றாலும் சரி, கிறுக்குத்தனம் என்றாலும் சரி, இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் ஏற்காட்டில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் டிரஸ்ஸராக இருந்தேன். டிரஸ்ஸர் என்றால் புண்ணைக் கழுவி, மருந்து வைத்து, கட்டுப் போடுகிற ஆள். (என் அம்மா சேலத்தில் அக்கம்பக்கத்தாரிடம் “பையன் பாதி டாக்டருங்க” என்று சொல்லி வைத்திருந்தார். எந்தப் பாதி என்று யாரும் கேட்கவில்லை.) வயது இருபத்திரண்டு. மீசை அதைவிட இளசு. சாயங்காலம் நாலு மணிக்கே மேகம் இறங்கி எதிர்க் கடை மறைந்துவிடும் ஊரில், பேச்சுத் துணை இல்லாமல் கிடந்தேன். பகலெல்லாம் அட்டைக்கடி, கிளை கழிக்கும் கவாத்துக் கத்தி வெட்டு, ஜீப் கதவில் நசுங்கிய விரல். அதற்கப்புறம் என் அறை, ஒரு கம்பளி, நான்.

மலையில் ஒரு வழக்கம் உண்டு. வெட்டுப் பட்டால் முதலில் அடுப்படிக்கு ஓடுவார்கள். காப்பித்தூளை அள்ளிக் காயத்தில் அப்பி, மேலே ஒரு துணியைச் சுற்றிக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவார்கள். அவர்களுக்கு ரத்தம் நின்றுவிடும். அந்தத் தூளைக் கழுவி எடுப்பதற்குள் எனக்கு மூச்சு நின்றுவிடும். என் டிரஸ்ஸிங் ரூமில் ஸ்பிரிட் வாசனையையும் மீறிக் காப்பி மணக்கும்.

சரோஜாவும் அப்படித்தான் வந்தாள். கரடியூரில் அவர்களுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டமும் ஒரு மாடும் இருந்தன. மாட்டுக்குப் புல் அறுக்கும்போது, புல்லைப் பிடித்திருந்த இடது கையின் சுண்டுவிரலில் அரிவாள் பட்டுவிட்டது. துணியை அவிழ்த்தேன். உள்ளே விரலே தெரியவில்லை, அவ்வளவு தூள்.

“ஏனுங்க, இத்தன காப்பித்தூளா போடறது?”

“பயத்துல கை நெறைய அள்ளிப்போட்டேனுங்க. இப்ப ஊட்டுக்கு வந்த ஒறம்பரைக்குக் காப்பி போட மிச்சமில்லீங்க.”

விரலிலிருந்து ரத்தம் சொட்டச் சொட்ட இப்படிப் பேசுகிற பெண்ணை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்த நிமிடமே கவிழ்ந்துவிட்டேன். டாக்டரம்மா வந்து மூன்று தையல் போட்டார். தையல் போடும்போது அவள் கேட்டது ஒரே கேள்விதான்.

“பரிட்சைக்குள்ள ஆறிடுங்களா? டைப்பிங் லோயர் எழுதறனுங்க. இந்த வெரல் இல்லாட்டி ‘ஏ’ அடிக்க முடியாதுங்க.”

பரிட்சைக்கு ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. பாஸானால் சேலத்தில் ஓர் ஆபீசில் சேர்த்துவிடுவதாக அவள் மாமா சொல்லியிருந்தாராம். அதாவது விரல் ஆறினால் பரிட்சை, பரிட்சை முடிந்தால் சேலம். நான் சேலத்திலிருந்து மலையேறி வந்தவன், அவள் மலையிறங்கிச் சேலம் போகிறவள். நடுவில் எனக்குக் கிடைத்தது ஒரு சுண்டுவிரல் ஆறுகிற நேரம் மட்டுமே. அதற்குள் அவளிடம் ஒரே ஒரு வாக்கியம் கேட்டாக வேண்டும்: “உங்க ஊட்டுக்கு வந்து பேசட்டுங்களா?”

அறையில் சுவரைப் பார்த்துச் சொல்லிப் பழகினேன். காலையில் கருவிகள் வேகும் ஸ்டெரிலைசரைப் பார்த்துச் சொன்னேன். அது கொதித்தது, அவ்வளவுதான். தினமும் பத்தரைக்குக் கரடியூர் ஜீப்பில் வந்து அவள் என் எதிரே ஸ்டூலில் உட்காருவாள், கையை நீட்டுவாள், நான் வாயைத் திறப்பேன்.

“வலிக்குதுங்களா?”

“இல்லீங்க.”

“நாளைக்கு வாங்க.”

இதுதான் எங்கள் காதல் வசனம் முழுவதும். (எங்கள் என்று எழுதுவதற்கே இப்போதும் கை கூசுகிறது.) நான் பேசாததை எல்லாம் அவள் பேசினாள். ஆரஞ்சு மரத்தில் குரங்கு வந்ததைச் சொல்வாள். மேகம் இறங்கினால் வகுப்பில் காகிதம் ஈரமாகி மெஷினில் சிக்குவதைச் சொல்வாள். சும்மா இருக்கும் வலது கை விரல்கள் என் மருந்துத் தட்டின் விளிம்பில் டைப் அடித்துக்கொண்டே இருக்கும். ஐந்து நிமிடக் கட்டு இருபத்தைந்து நிமிடமானது. ஒருநாள் கால் புண்ணோடு காத்திருந்த, எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் பொறுமை இழந்து எட்டிப் பார்த்தார்.

“ஏந்தம்பி, சுண்டுவெரலுக்கே இத்தன நேரம்னா எங்காலுக்கு நாளைக்குத்தான் முடிப்பியாட்ட இருக்குது?”

எட்டாம் நாள் டாக்டரம்மா தையல் பிரித்தார். “ரெண்டு நாள் கட்டு, அப்புறம் திறந்து விட்டுடு” என்றார். பத்தாம் நாள் அவிழ்த்துப் பார்த்தேன். அழகாக ஆறியிருந்தது. புண் ஆறியதைப் பார்த்து நான் துக்கப்பட்டது வாழ்நாளில் அன்று ஒருநாள்தான். அவள் மலர்ந்த முகத்தோடு, “ஆறிருச்சுங்களா?” என்றாள்.

“உள்ள இன்னும் ஈரம் இருக்குதுங்க” என்றேன். சொல்லிவிட்டு, அந்த ஊரில் அப்போது எல்லாப் புண்ணுக்கும் நாங்கள் தடவிய ஊதா மருந்தை எடுத்து, விரல் முழுக்கப் பூசினேன். ஆறிய தோல் தெரியக்கூடாதல்லவா? ஏறக்குறைய ஒரு கத்திரிக்காயைக் கட்டி அனுப்பினேன். மறுநாளும் அதையே செய்தேன். அப்படியே பதினெட்டு நாள் போயிற்று.

இடையில் ஒன்றை நான் கவனித்திருக்க வேண்டும். கட்டுத்துணியின் நுனியை இரண்டாகக் கிழித்து, தட்டையாக முடிச்சுப் போடுவது என் பழக்கம். மறுநாள் காலை அவிழ்க்கும்போது அங்கே இருப்பது பூ கட்டுகிற முடிச்சு, அதிலும் பல்லால் கடித்து இழுத்த தடம். தன் முடிச்சைத் தானே அடையாளம் தெரியாத டிரஸ்ஸர் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ‘மலை ஈரத்தில் துணி சுருங்குகிறது’ என்று நினைத்துக்கொண்டேன்.

பரிட்சைக்கு ஐந்து நாள் இருக்கையில் அந்தத் திங்கட்கிழமை வந்தது. சரோஜா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அவள் கை என் கையில். ‘இன்றைக்குக் கேட்டே தீருவது’ என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே கூட்டத்தில் ஒரே களேபரம், திறந்த கதவு வழியாக எல்லாம் தெரிந்தது. ஒண்டிக்கடைப் பக்கம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்துகிற வாத்தியார், மாணவர்கள் ஐந்து பேரை வரிசையாக ஓட்டிக்கொண்டு வந்து டாக்டரம்மா மேஜை முன்னால் நிறுத்தினார்.

“டாக்டரம்மா, காப்பாத்துங்க! எங்க இன்ஸ்டிட்யூட்ல நோய் பரவுதுங்க. இடது கை சுண்டுவெரல் மட்டும் கருநீலமாப் போவுது. எல்லாத்துக்கும் ஒரே வெரலுங்க. அஞ்சு நாள்ல பரிட்சையை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவனுங்க!”

ஐந்து பேரும் ஐந்து இடது சுண்டுவிரல்களை நீட்டினார்கள். எல்லாம் ஊதா. அதில் ஒருவனுக்கு மூக்கு நுனியும் ஊதா. (அந்த விரலுக்கு அவன் வேறு வேலையும் கொடுத்திருக்கிறான்.) காத்திருந்த நோயாளிகள் பெஞ்சோடு பின்னால் நகர்ந்தார்கள். டாக்டரம்மா பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு ஒரு விரலைத் துடைத்தார். நோய் முழுவதும் பஞ்சில் வந்துவிட்டது.

“எல்லாரும் ஒரே மெஷின்லயா அடிக்கறீங்க?”

“ஆமாங்க, ஜன்னலோர மெஷின்.”

“அதுல தினமும் முதல்ல அடிக்கறது யாரு?”

“கரடியூர் சரோஜாங்க” என்றார் வாத்தியார். அடுத்த நிமிடம் டாக்டரம்மா என் அறைக்குள் இருந்தார். அவருக்குப் பின்னால் வாத்தியார், ஐந்து ஊதா விரல்கள், எஸ்டேட் ரைட்டர், நடக்க முடிந்த நோயாளிகள் அத்தனை பேரும் நின்றார்கள். டாக்டரம்மா கட்டைத் தானே அவிழ்த்து, ஸ்பிரிட்டால் துடைத்தார். உள்ளே எந்தக் குறையும் இல்லாத, நன்றாக ஆறிய விரல்.

“ஏம்மா, இந்தக் கட்டோட எப்படி டைப் அடிச்சே?”

“இங்கிருந்து நேரா கிளாசுக்குப் போயி, அவுத்துப்போட்டுத்தானுங்க அடிப்பேன்” என்றாள் சரோஜா மெதுவாக. “மறுநாள் காலைல ஜீப்புல வரும்போது மறுபடியும் சுத்திக்குவனுங்க.”

பூ முடிச்சு அப்போதுதான் எனக்குப் புரிந்தது. விரல் ஆறியது அவளுக்கு முதல் நாளே தெரியும். தெரிந்தும் பதினெட்டு நாள் கரடியூரிலிருந்து ஜீப் ஏறி வந்திருக்கிறாள். வந்து உட்கார்ந்து, என் வாயைப் பார்த்திருக்கிறாள். நான் அவளிடம் வலிக்கிறதா என்று கேட்டிருக்கிறேன்.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். “ஆறின விரலுக்கு எதுக்குய்யா கட்டுப் போட்டே?”

கேள்வி இவ்வளவு நேராக யாருக்கும் வந்து அமையாது. பதில் சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும், மானம் போயிருக்கும், வேறொன்று கிடைத்திருக்கும். சரோஜா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாக்கியத்தை ஸ்டெரிலைசரிடம் நூறு தடவை சொல்லியிருந்தவன், இப்படிச் சொன்னேன்:

“இவங்கதானுங்க டாக்டர், இன்னும் வலிக்குதுன்னு சொன்னாங்க.”

சரோஜா கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஆமாங்க” என்றாள் டாக்டரம்மாவிடம். “நான்தானுங்க வலிக்குதுன்னு சொன்னேன்.”

என் வேலை தப்பியது. டாக்டரம்மா அவளைத்தான் திட்டினார், ஊரே கேட்க. கட்டுத்துணி வீண், மருந்து வீண், படித்த பெண்ணுக்கு இது அழகா என்றெல்லாம் திட்டினார். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு போய்விட்டாள். எனக்கு அன்றைய தண்டனை, இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய் அந்த மெஷினைச் சுத்தம் செய்வது.

அவளைப் பிடிக்க, ஜீப் நிற்கிற ஒண்டிக்கடைக்கு ஓடினேன். கையில் ஸ்பிரிட் புட்டி, பஞ்சு, கழற்ற மறந்த ரப்பர் கையுறை. கரடியூர் ஜீப் ஆள் சேர்ந்து கிளம்புகிற நேரம். பின் சீட்டில், ஒரு வாழைத்தாருக்கும் இரண்டு கோழிகளுக்கும் நடுவே அவள் உட்கார்ந்திருந்தாள். கிட்டத்தில் போய் நின்றேன். மன்னிப்பும் கேட்க வேண்டும், அந்த வாக்கியத்தையும் கேட்க வேண்டும். கடைசியில் வாயில் வந்தது, பழகிப்போன அதுதான்.

“வலிக்குதுங்களா?”

அவள் விரலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

“இன்னைக்கு வலிக்குதுங்க.”

ஜீப் கிளம்பிவிட்டது. நாளைக்கு வாங்க என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

அன்று மதியம் காலியான இன்ஸ்டிட்யூட்டில், ஜன்னலோர மெஷின் முன்னால் உட்கார்ந்து துடைத்தேன். ‘ஏ’ எழுத்துப் பொத்தானில்தான் ஊதா அதிகம். எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, அதன் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் விட்டுவைத்தேன். அவள் பரிட்சையில் பாஸானாள். சேலத்துக்குப் போய்விட்டாள் என்று ஜீப் டிரைவர் சொல்லித்தான் தெரியும். அதற்குப் பிறகும் இரண்டு வருடம் நான் மலையில் இருந்தேன். தினமும் பத்தரைக்கு ஜீப் வரும் சத்தம் கேட்டால் ஸ்டூலைத் துடைத்து வைப்பேன்.

எனக்கும் கல்யாணமாகி, பிள்ளைகள் வளர்ந்தாகிவிட்டது. ஊதா விரல் கதை எங்கள் வீட்டில் பிரசித்தம். பிள்ளைகள் படிக்கிற காலத்தில், பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட யாராவது வயிற்றைப் பிடித்தால், “எங்கே, இடது சுண்டுவிரலைக் காட்டு” என்பாள் என் மனைவி. சம்பந்தி வீட்டார் முன்னால்கூட இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். மூக்கு ஊதாவானவன் வரும் இடத்தில் எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரிப்பேன். கதை அங்கேயே முடிந்துவிடும். நான் டாக்டரம்மாவிடம் சொன்ன பதிலையும், ஜீப்பையும் வீட்டில் சொன்னதே இல்லை.

போன மாதம் தேங்காய் உடைக்கும்போது விரலில் அரிவாள் பட்டுவிட்டது. மனைவி ஓடிப்போய்க் காப்பித்தூள் டப்பாவைத் திறந்தாள். அந்த மணம் வந்ததும் நான் எங்கேயோ போய்விட்டேன். அவள் துணியைச் சுற்றிக்கொண்டே, பிள்ளைகளைப் பார்த்துக் கண்ணடித்து, கதையில் வரும் டிரஸ்ஸர் குரலில் கேட்டாள்:

“வலிக்குதுங்களா?”

பிள்ளைகள் சிரித்தார்கள். “இல்லீங்க” என்றேன்.