கைராசி பார்த்த விதைச்சாமி

ஆடியில் கல்யாணம் ஏது? ஆனால் வலங்கைமான் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் கூட்டம் அலைமோதியது. மேடையில் மாப்பிள்ளையும் இல்லை, பெண்ணும் இல்லை. விதைச்சாமி இருந்தார். கொல்லையில் எந்த ரகக் காய் போடலாம் என்று நட்சத்திரம் கேட்டுச் சொல்வார். ஆயில்யமா? புடலை. மகமா? முலாம்பழம். கொல்லையில் வெயில் விழுமா, தண்ணீர் தேங்குமா என்று கேட்க மாட்டார். அதெல்லாம் அற்ப விஷயம் அல்லவா!

விதையை நீங்கள் கையில் ஏந்த வேண்டும். அதன்மேல் நூலில் கட்டிய ருத்திராட்சத்தைச் சாமி தொங்கவிடுவார். வட்டமாகச் சுற்றினால் ராசியான கை. நேராக ஆடினால் விளங்காத கை. முளைத்தால் சாமியின் மகிமை, முளைக்காவிட்டால் உங்கள் கையின் லட்சணம். சாமி குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாது.

ராஜாத்திக்கு அவர் வாக்கு தெய்வ வாக்கு. ஆடி முதல் வெள்ளியன்று சாமி கொடுத்த முலாம்பழ விதையை மருமகள் குந்தவையிடம் கொடுத்து ஊன்றச் சொன்னாள். ஒன்றுகூட முளைக்கவில்லை. விதை எந்தக் காலத்துச் சொத்தையோ என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. சாமியிடம் ஓடினாள்.

“உன் மருமவ கை பட்டா பச்சையும் கருகும். அவ இருக்கிற வரைக்கும் உன் வம்சமும் முளைக்காது” என்றார் சாமி.

முலாம்பழத்தில் ஆரம்பித்தவர் வம்சத்தில் வந்து நின்றார். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத பெண்ணைத் திருவிடைமருதூர்த் தாய்வீட்டுக்கே அனுப்பிவிட ராஜாத்தி முடிவு கட்டினாள். ஆடிக்குத் தாய்வீடு போகும் பெண் ஆவணியில் திரும்பி வருவாள். இவளுக்குத் திரும்பி வரும் பேச்சே இல்லை. சிங்கப்பூரில் இருக்கும் மகன் குணசேகரன் போனில், “அம்மா சொல்றத கேளேன்” என்றான். ஆண்பிள்ளைச் சிங்கம்!

குந்தவை அழவில்லை. “அத்தை, கடைசியா ஒரு தடவ சாமிகிட்ட போவோம். ஆளுக்கு ஒரு சம்படத்துல விதை எடுத்துக்குவோம். அப்பவும் என் கை ஆகாதுன்னா, நானே பெட்டிய தூக்கிக்கிட்டு போயிடுறேன்” என்றாள்.

ராஜாத்திக்கு நிம்மதியாக இருந்தது. அனுப்பிய பழி சாமியோடு போய்விடும்.

நாலு நாள் கழித்து, குந்தவையே விதை போட்டு மூடிய சம்படங்களோடு இருவரும் மண்டபத்தில் நின்றார்கள்.

“என்ன விதை?”

“ரெண்டும் தர்பூசணிங்க” என்றாள் குந்தவை. தர்பூசணிக்கு இது பட்டமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

ராஜாத்தி கைமேல் ருத்திராட்சம் கிறுகிறுவென்று சுற்றியது. “ஆகா, ஜீவன் ததும்புது! கொல்லை கொள்ளாம காய்க்கும்!” என்றார் சாமி. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. குந்தவை கைமேல் அது நேராக ஆடியது. “பொணம்மா, பொணம். அத்தனையும் செத்த விதை.”

ராஜாத்தி தலையைக் குனிந்துகொண்டாள். பாவம், நல்ல பெண்தான் என்று அப்போது பார்த்துத் தோன்றித் தொலைத்தது.

“தொறக்கட்டுங்களா?” என்றாள் குந்தவை.

“தொறந்தா தோஷம்...”

குந்தவை தன் சம்படத்தைத் திறந்துவிட்டாள். ஈரத்துணியில் விதைகள் வெள்ளை வெளேரென்று முளை விட்டிருந்தன.

“என் கையாலதான் ஊறப்போட்டேன். பொணம் முளை விடுங்களா?” என்றவள், மாமியாரின் சம்படத்திலிருந்து ஒரு விதையை எடுத்துப் பல்லில் கடித்தாள். “அத்தை, இது உங்க புள்ள கொறிக்க அனுப்பினது. உப்புப் போட்டு வறுத்த விதை. இதான் கொல்லை கொள்ளாம காய்க்குமாம்!”

சாமி கிரகம் சரியில்லை என்று முனகினார்.

“கிரகம் கெடக்கட்டும். அந்த நூல ஆணில கட்டித் தொங்கவிடுங்க. உங்க வெரல் இல்லாம சுத்துதான்னு பாப்போம்.”

கூட்டம் சிரித்தது. சாமிக்குத் திடீரென்று தியான நேரம் வந்துவிட்டது. சமையல்கட்டு வழியாகப் போனவர் திரும்பவில்லை. ராஜாத்தி மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். “கை நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் புத்தி கெட்டுப் போச்சு. வீட்டுக்கு வாம்மா” என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

வாசலில் பத்துப் பெண்கள் மறித்துக்கொண்டார்கள். “அம்மா, ராசியான கை உங்களுது! உங்க கையால ஒரு பிடி விதை குடுங்க!”

குந்தவை தலையில் அடித்துக்கொண்டாள். “விதைய ஈரத்துணியில கட்டி வைங்க, நாலு நாள்ல தானா தெரிஞ்சிடும். மூளையயும் சேத்துக் கட்டி வெச்சிடாதீங்க. அது முளைக்காது!”