எட்டு அவுன்ஸ் மைதா

கர்த்தருக்குள் பிரியமான ஈவ்லின் அத்தைக்கு,

கிழக்குத் தாம்பரத்திலிருந்து ஜெரூஷா நடுக்கத்துடன் எழுதுவது. இங்கே கேக்கைத் தவிர எல்லோரும் சுகம். நாவலூரில் நீங்களும் மாமாவும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். போன் அம்மாவின் தலையணைக்கடியில் இருப்பதால் போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். காலையில் அப்பா ஆபீஸ் போகிற வழியில் உங்கள் டிபன் கேரியரைத் தருவார். அடித்தட்டைத் திறந்து பாருங்கள், இந்தக் கடிதம் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. காணிக்கை ஏலத்துக்கு வீட்டில் செய்த கேக் தருவதாக அம்மா பேர் கொடுத்துவிட்டார்கள். இன்று பாட்டுப் பயிற்சிக்குப் போகிற அவசரத்தில் என்னையே செய்யச் சொன்னார்கள். நீங்கள் அனுப்பிய குறிப்பில் மைதா, சர்க்கரை, வெண்ணெய் எல்லாமே எட்டு அவுன்ஸ் என்றிருந்தது.

"அவுன்ஸ்னா எவ்ளோம்மா?"

"அதுகூடத் தெரியாதாடி? உனக்கு மருந்து குடுத்த அவுன்ஸ் கிளாஸ் பரண்ல கிடக்கு. கழுவிட்டு அள."

"அது மருந்துக்குத்தானேம்மா?"

"அளவுன்னா அளவுதான். கணக்கு டீச்சர் பொண்ணு கேக்குற கேள்வியா இது?"

செருப்பை மாட்டிக்கொண்டு போயே விட்டார்கள். அளந்தேன் அத்தை, எல்லாவற்றையும் எட்டெட்டு கிளாஸாக, ஓவனில் வைத்தேன், ராஜா மாதிரி எழும்பியது, நான் குதித்தேன், அப்புறம் நடுவில் இறங்கியது, இறங்கிக்கொண்டே போனது, கடைசியில் மழைக்காலத்துச் சுரங்கப்பாதை மாதிரி குழியாகி அதில் வெண்ணெய் தேங்கி நின்றது. அம்மா வந்து "எங்கடி கேக்கு?" என்றதும், "காலைவரைக்கும் திறக்கக்கூடாதுன்னு அத்தை சொல்லியிருக்காங்கம்மா" என்று உங்கள் பேரில் ஒரு பொய் சொல்லி, இட்லிப் பானையைக் கவிழ்த்து மூடிவிட்டேன். மன்னியுங்கள்.

ஆனால் ஒரு அதிசயம் கேளுங்கள்! எல்லோரும் படுத்தபின் துணி ஹேங்கரின் ஒரு முனையில் எட்டு கிளாஸ் மைதாவையும் மறுமுனையில் எட்டு கிளாஸ் சர்க்கரையையும் பையில் தொங்கவிட்டேன். சர்க்கரைப் பக்கம் தடாலென்று சாய்ந்தது! இன்னும் ஐந்து கிளாஸ் மைதா போட்ட பிறகுதான் ஹேங்கர் நேரானது. உங்கள் அவுன்ஸ் எடை அத்தை, எங்கள் கிளாஸ் அவுன்ஸ் வெறும் கொள்ளளவு! எங்கள் வகுப்பில் இரண்டு ஜென்சி இருக்கிறார்கள், ஒருத்தியைக் கூப்பிட்டால் இன்னொருத்தி வந்து நிற்பாள், அதே கதைதான். சந்தோஷத்தில் கத்தியிருப்பேன். கத்தினால் அம்மா எழுந்துவிடுவார்கள். கணக்கு டீச்சரிடம் அளவு தப்பு என்று யார் சொல்வது?

நீங்கள்தான். வெண்ணெய் சுத்தமாகத் தீர்ந்துவிட்டது. நாளைக்கே எலக்ட்ரானிக் தராசும் வெண்ணெயுமாக வந்துவிடுங்கள்.

மாமாவுக்கு ஸ்தோத்திரம். கர்த்தர் உங்கள் சமையலறையையும் என் முதுகையும் காப்பாராக.

அன்புள்ள மருமகள்,
ஜெரூஷா

பி.கு.: அத்தை, வர வேண்டாம்! தண்ணீர் குடிக்க எழுந்த அம்மா பானையைத் தூக்கிவிட்டார்கள். சத்தம் கேட்டு ஓடிப்போய்க் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றேன். திட்டே வரவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால் அம்மா கையில் ஸ்பூன். ஹேங்கரைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன்.

"எட்டு கிளாஸ்தான் போட்டியா?"

"நீங்கதானேம்மா சொன்னீங்க."

இன்னொரு ஸ்பூன். "நல்லவேளை சொன்னேன். இதைக் கேக்குன்னு யாருடி சொன்னா? அல்வா! உங்க அத்தை கேட்டாலும் அல்வான்னே சொல்லு."

இப்போது அப்பாவையும் எழுப்பிவிட்டார்கள். இரண்டு பேரும் ஓரத்தைச் சரிசெய்கிறோம் என்று வெட்டி வெட்டித் தின்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஏலம் விட ஏதாவது மிஞ்சுமா என்பதுதான் இப்போது என் பயம்.