தலைவர் நாற்காலி மலை உச்சியில்

கதை எழுதுகிறவனுக்குக் கொஞ்சமாவது முன்யோசனை வேண்டும். எனக்கு அது பிறவியிலேயே கிடையாது. இருந்திருந்தால் உளவுத்துறைத் தலைமையகத்தை எங்கள் செஞ்சி ராஜகிரிக் கோட்டை உச்சியில் கொண்டுபோய் வைத்திருப்பேனா?

யூடியூபுக்காக நான் எடுத்த உளவாளித் தொடர் அது. ஏஜென்ட் தணிகாசலமாக நடித்தவர் என் நைனா. பஸ் கண்டக்டராகச் சேர்ந்து கண்டக்டராகவே ரிட்டயர் ஆனவர். முதல் பகுதியிலேயே மலை உச்சியில் ஒரு நாற்காலியைப் போட்டு, அதுதான் தலைவரின் ஆபீஸ் என்று காட்டிவிட்டேன். (கெத்தாக இருக்குமாம். என் தலையெழுத்து!) தணிகாசலம் அடிவாரத்திலிருந்து போனில் பேசுவார், அவ்வளவுதான். தலைவராக நடித்த பையன் துபாய்க்குப் போய்விட, நாற்காலி காலியானது.

"தணிகாசலத்துக்கும் வயசாவுதே, எப்பதான் தலைவராவாரு?" என்று கமெண்ட்டில் கேட்க ஆரம்பித்தார்கள். ஒருநாள் சாப்பிடும்போது நைனாவும் மெல்லக் கேட்டார்.

"நெஜத்துலதான் ஒரு புரமோஷனும் வரல. கதையிலயாவது அந்த சேர்ல ஒக்கார வைடா."

தணிகாசலம் மலையேறிப் போய்த் தலைவராகிற காட்சியை உடனே எழுதித் தள்ளினேன். அவருக்கு மூட்டுவலி ஆயிற்றே என்று ஒரு நொடி யோசித்திருக்கலாம். முண்டம், யோசிக்கவில்லை.

ஷூட்டிங் அன்று நண்பன் சலீம் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஏறிவிட்டான். நைனா கோட்டும் கறுப்புக் கண்ணாடியுமாகச் சித்திரை வெயிலில் கிளம்பினார். பாதி தூரம்கூட வரவில்லை, மூட்டைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நைனா, சேரை இங்கயே எறக்கிடலாம். ஆங்கிள் மாத்தி எடுத்தா மேல இருக்கற மாதிரியே இருக்கும்."

"பாக்கறவன் பூரா செஞ்சிக்காரன்டா. எந்தப் படின்னு சொல்லிடுவான். ஏமாத்தி ஒக்காந்தா அது இன்னா புரமோஷன்?"

எழுந்தார். நாலு படி ஏறினார். மறுபடி உட்கார்ந்தார். கண்ணாடியை மட்டும் கழற்றவேயில்லை. உள்ளே அழுகிறாரோ என்று குனிந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த நாற்காலியை மேலே வைத்த என் கையை ஒடிக்க வேண்டும் போலிருந்தது.

அந்த நேரம் பார்த்து சலீம் போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டுத் தொலைத்தேன்.

"மச்சான், சீக்கிரம் வாங்கடா! சேர்ல கொரங்கு ஒக்காந்துடுச்சி. எறங்கவே மாட்டுது!"

நைனா அண்ணாந்து மலை உச்சியைப் பார்த்தார்.

"அது இங்கியே பொறந்து வளந்தது. சீனியாரிட்டி அதுக்குத்தான். வுடு" என்றார்.

அவரைத் தாங்கிப் பிடித்துக் கீழே கொண்டுவருவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. தொடர் அதோடு முடிந்தது. சலீம் எடுத்துப் போட்ட குரங்கு வீடியோவைத்தான் ஊரே பார்த்தது.

இன்றைக்கும் நைனா வீட்டில் குரலை உயர்த்தினால் அம்மா சும்மா இருக்கமாட்டார். "இங்க கத்தி இன்னா ஆவப்போவுது? தலைவரு மேல இருக்காரு, அங்க போய் சொல்லு." எல்லோரும் சிரிப்போம், நைனாவும்தான். ஆனால் யாராவது இன்னமும் கமெண்ட்டில், "தணிகாசலம் தலைவராயிட்டாரா?" என்று கேட்டால், அவரே என் போனைப் பிடுங்கி ஒற்றை விரலால் தட்டிப் பதில் போடுவார்:

"ஏறிக்கிட்டு இருக்கேன்."