ஒன்பது நிமிடம் அசையாத கேமரா

கேமராவை நட்டுவைத்துவிட்டு அதை அசைக்காமல் இருப்பதுதான் உயர்ந்த கலை என்று நான் நம்பிய காலம் ஒன்று உண்டு. அந்த நம்பிக்கையால் காத்திவாக்கத்தில் ஒரு குடும்பத்தின் பிழைப்பு ஒரே மாலையில் சந்தி சிரித்தது. (அந்தக் குடும்பம் என்னுடையதுதான்.)

நான் தண்டையார்பேட்டைக்காரி. காத்திவாக்கத்துக்கு வாழ்க்கைப்பட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. வார இறுதிப் பயிற்சி வகுப்பு ஒன்றில் சேர்ந்து, இயற்கையைப் பற்றிய சோதனைக் குறும்படம் எடுக்கும் நோய் எனக்குப் பிடித்திருந்தது. என் மாமியார் குப்பம்மா, எண்ணூர் கழிமுகத்தில் (ஊராருக்கு அது ஆறு) கையால் எறா, அதாவது இறால், பிடிப்பவர். கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, ஓலையில் பின்னிய பறிக்கூடையைப் பல்லால் கவ்விக்கொண்டு, சேற்றைத் தடவித் தடவி எடுப்பார். ஊரிலேயே பெரிய எறா அவர் பறியில்தான் இருக்கும். எந்த இடத்தில் பிடிக்கிறார் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. அங்கே எல்லோருக்கும் அப்படி ஓர் இடம் உண்டு. கட்டின புருஷனிடம்கூடச் சொல்லமாட்டார்கள்.

அத்தையைப் படம் எடுக்கட்டுமா என்று கேட்டேன்.

"எடுத்துக்கோ. ஆனா நானுன்னு ஒருத்தருக்கும் தெரியக் கூடாது" என்றார்.

வெட்கப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். முகத்தைக் காட்டாமல் பின்னந்தலையையும், பறிக்கு ஏறி இறங்கும் கையையும் மட்டும் எடுத்தேன். பின்னால் வெறும் தண்ணீராக இருந்தால் எடுபடாதே என்று, இடிந்த பாலத்தின் தூணும் வள்ளூர் அனல்மின் நிலையப் புகைபோக்கியும் ஒரே நேர்கோட்டில் வரும்படி வைத்தேன். ஒன்பது நிமிடம், வெட்டே இல்லாத ஒரே காட்சி. முடித்த படத்தை அத்தையிடம் காட்டவில்லை. கலைஞர்கள் அப்படியெல்லாம் காட்டமாட்டார்கள் என்று ஒரு நினைப்பு.

அடையாறு பக்கமிருந்து தாடி வைத்த திரைப்பட ஆர்வலர் ஒருவர் ஐந்து படங்களோடு வந்தார். ஆறாவது என்னுடையது. வலை பின்னும் கூடத்தில் மாலை நான்கு மணிக்குத் திரையிடல். (விடியும் முன்னே கடலுக்குப் போகிற ஊரில் எட்டு மணிக்குப் படம் போட்டால் குறட்டைதான் கேட்கும்.) ஜன்னல்களில் தார்ப்பாயைக் கட்டினோம். திரைக்கு என் வீட்டுக்காரரின் கல்யாண வேட்டி. அதனால் எல்லாப் படத்திலும் அடியில் ஒரு பச்சைக் கரை ஓடியது. அத்தை தன் கூட்டாளிகளையெல்லாம் அழைத்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். "என் மருமவ எடுத்த படம்" என்று அவர் சொன்னபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

முதல் படத்தில் ஓர் இலை விழுவதற்குத் தயாராகிக்கொண்டே இருந்தது.

"இது எப்போ வுழும்?"

"வுழுந்தா படம் முட்ஞ்சிடும், கம்முனு பாரு."

கடல் அலை மட்டுமே வரும் படத்தை, நாற்பது வருடம் கடலுக்குப் போன கோதண்டம் மாமா இரண்டு நிமிடம் பார்த்தார். "இந்தத் தண்ணில மீனு இல்ல" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கத் திரும்பிக்கொண்டார்.

பிறகு என் படம் ஓடியது. கூடமே அமைதியாகிவிட்டது. ஒருவரும் இருமவில்லை. என் கலை ஜெயித்துவிட்டது என்று கண்ணில் தண்ணீர் முட்டியது.

அப்போதுதான் கோதண்டம் மாமா எழுந்து வேட்டியருகே போய் விரலை வைத்தார்.

"பொகபோக்கி தூணுக்கு நேரா கீது பாரு. இது குப்பம்மா எடம்."

நடுக்கடலில் வலை விட்ட இடத்தை மறுபடி கண்டுபிடிக்க, கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களை ஒரே கோட்டில் வைத்துப் பார்ப்பார்கள். ஊருக்கே தெரிந்த இந்த வித்தை மருமகளுக்கு மட்டும் தெரியவில்லை. சாதாரண சினிமா மாதிரி நாலு வெட்டு வெட்டியிருந்தால்கூடத் தப்பித்திருக்கலாம். நானோ ஒன்பது நிமிடம் நிதானமாகக் கணக்குப் போட வசதி செய்து கொடுத்திருந்தேன்.

"இன்னொரு தபா போடும்மா" என்றது கூட்டம்.

தாடிக்காரர் சிலிர்த்துப்போய்த் தானே பொத்தானை அமுக்கினார். மூன்று முறை ஓடியது. இதற்குள் பெரிய வாக்குவாதம் மூண்டுவிட்டது.

"அது பாலத்துக்கு அந்தாண்ட" என்றார் பக்கத்து வீட்டு நாகம்மா. "நான் கை வெக்கிற எடத்துலருந்து பாத்தா பொகபோக்கி தூணுக்கு இந்தாண்டதான் தெரியும். எனக்குத் தெரியாதா?"

"எங்க எடத்துல சாம்ப கொழாய் தெரியும். இதுல கொழாயே இல்லியே" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"இப்படி ஒரு ரசனையை நான் எங்கேயும் பார்த்ததில்லை" என்று தாடிக்காரர் குறிப்பெடுத்தார். அத்தை மட்டும் திரும்பாமல், முந்தானை நுனியில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நீ பேசாம உங்கம்மா வூட்டுக்கு பஸ் ஏறிடு" என்று என் வீட்டுக்காரர் காதருகே சொன்னார்.

மறுநாள் விடிந்ததும் மன்னிப்புக் கேட்க ஆற்றுக்கு ஓடினேன். அத்தையின் இடத்தில் இருபது தலைகள் மிதந்தன, எல்லோர் வாயிலும் பறி. அத்தையை மட்டும் காணோம். ஒரு மனுஷியின் பிழைப்பைக் கெடுத்துவிட்டோமே என்று கரையில் உட்கார்ந்து அழுதேன்.

நான் வீடு திரும்பிய பிறகு, ஒன்பது மணிக்கு அத்தை வந்து பறியைக் கவிழ்த்தார். முறத்தில் இடம் போதவில்லை. ஒவ்வொன்றும் என் விரல் நீளம்.

"எங்க அத்தை போனீங்க?"

"நாகம்மா எடத்துக்கு ஒரு நட. கொழாயண்ட ஒரு நட. அவுங்கல்லாம் என் எடத்துல ஒருத்தர் கால ஒருத்தர் தடவிகினு இருந்தாங்க. இங்க சும்மாதான கெடந்துச்சி."

"அவங்க இடம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நேத்து அவுங்களேதான சொன்னாங்க. மூணு தபா சொன்னாங்க."

அத்தை எறாவை உரித்துக்கொண்டே, "அழாத. கூட்டம் மிதிச்ச எடத்துல எறா நிக்காது. பேஜாராகி ஒரு வாரத்துல போய்டுவாங்க. அப்புறம் எறாவும் வரும், நானும் போவேன்" என்றார். அப்படியே நடந்தது.

அந்தப் படம் இன்றுவரை எந்த விழாவிலும் தேர்வாகவில்லை. எங்கள் வீட்டில் மட்டும் விரல் நீள எறாவுக்கு சினிமா எறா என்று பெயர் நிலைத்துவிட்டது. ஆற்றங்கரையில் நான் போனை வெளியே எடுத்தால், நாகம்மா தண்ணீருக்குள் இறங்காமல் வேறு வேலை இருப்பதுபோல் நடக்க ஆரம்பித்துவிடுவார். நாலு நாள் பறி காலியாக வந்தால், அத்தை டீயை ஆற்றிக்கொண்டே என்னைப் பார்ப்பார்.

"ஊர கூட்டி ஒரு படம் போட்டு ரொம்ப நாளாச்சே. அந்த எல படம் வோணாம். நீ எடுத்ததயே போடு."